கிழித்துப் போட்ட முதல் படி

பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை

அன்பான 'போகட்டும்' டீச்சருக்கு,

பக்கத்து அறை 'சிவப்பு மை' எழுதிக்கொள்வது. நீ சுகமா? மகள் சுகமா? பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளா? அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொள். இங்கே நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, சுகமில்லை என்று எழுதும்படியாகவும் ஒன்றும் இல்லை. முழங்கால் பழைய முழங்கால்தான்.

இரண்டு வருஷம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று நீ உறையைப் பிரிக்காமலே வைத்தாலும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிரித்துவிட்டாய் என்றால் கடைசி வரை படித்துவிடு. ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். காரியம் இல்லாமல் உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை.

நம் முதியோர் கல்வி நிலையம் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படியில் மூன்றாவது படி இன்னும் ஆடுகிறது. நம் இரண்டு அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பில் நீ மாட்டிய கடிகாரம் நின்று ஒரு வருஷம் ஆகிறது. உன் இடத்துக்கு யாரையும் போடவில்லை. உன் வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள், மொத்தம் நாற்பத்து மூன்று பேர். வேலை முடிந்து நாலு மணிக்கு வந்து உட்காருகிறவர்கள், பாதிப் பேருக்கு உட்கார்ந்ததுமே கண் சொக்கும். எனக்கும்தான் சொக்குகிறது, ஆனால் நான் நின்றுகொண்டிருப்பதால் தெரிவதில்லை. நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், என்னம்மா பழைய பேப்பர் வியாபாரமா என்கிறான் கண்டக்டர். ஆமாம்ப்பா, எடைக்குத்தான் போடப்போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் சண்டை உனக்கும் மறந்திருக்காது. முதல் வருஷம் திருத்தாதே, கையைக் கட்டாதே, எழுத விடு, தப்பு போகட்டும், என்ன சொல்ல வருகிறார்கள் என்று படி என்பாய் நீ. தப்போடு வெளியே அனுப்பினால் ஊர் சிரிக்கும், சிரிப்பது நம்மைப் பார்த்து இல்லை, அவர்களைப் பார்த்து என்பேன் நான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. உன்னிடம் படித்த அந்தப் பால் வண்டி டிரைவர் இடமாற்றம் கேட்டு அவனாகவே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான், தெரியுமா? அதை அவன் ஆபீசில் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்து, டீ குடிக்கும்போதெல்லாம் படித்துச் சிரித்திருக்கிறார்கள். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு என் அறைக்கு வந்து அழுதான். அப்புறம் வகுப்புப் பக்கமே வரவில்லை. அந்த வாரத்தில்தான் நிர்வாகக் குழு நம் இருவர் முறையையும் பற்றி என் கருத்தை எழுத்தில் கேட்டது. நான் கோபத்தில் எழுதினேன். அவர்கள் உன் வகுப்பைப் பாதியாக வெட்டினார்கள். நீ மீதிப் பாதியையும் அவர்கள் முகத்திலேயே வீசிவிட்டு மகளிடம் போய்விட்டாய்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். உன் 'அப்புறம்' நினைவிருக்கிறாளா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். வெளுப்பு மருந்து வாடை முதலில் வரும், அவள் பின்னால் வருவாள். எந்த வாக்கியத்தையும் 'அப்புறம்' என்று தொடங்காமல் அவளுக்கு எழுத வராது என்று நீதான் அந்தப் பெயர் வைத்தாய். நீ போன பிறகு என் அறைக்கு வந்தாள். ஒன்றரை வருஷத்தில் அந்த அப்புறத்தையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சலவைக்கூடத்தில் ஒரு விபத்து. படுக்கை விரிப்புகளை அழுத்தித் தேய்க்கிற பெரிய உருளை மெஷின் ஒன்று அங்கே இருக்கிறது. கை உள்ளே போகாதபடி அதற்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கை பட்டால் கம்பி எழும்பும், மெஷின் நின்றுவிடும். இப்படி அடிக்கடி நின்றால் வேலை ஓடாது என்று, கம்பி அசையாதபடி துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார் மேஸ்திரி. அன்றைக்கு நம் 'அப்புற'த்துக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் வலது கை உருளைக்குள் போய்விட்டது. மூன்று விரல் போச்சு. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் மேஸ்திரி துணியை அவிழ்த்துவிட்டார். கம்பி சரியாகத்தான் இருந்தது, அவள்தான் பேச்சு மும்முரத்தில் கையை விட்டாள் என்கிறார். கவனக்குறைவு என்று முடிவாகிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலையும் போய்விடும், இனி வைத்தியமும் அவள் பாடு. துணியைக் கட்டியதைக் கண்ணால் பார்த்தவள் நம் அப்புறம் ஒருத்திதான்.

விசாரணைக்கு எழுத்தில் கொடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். பெரியவங்க படிக்கறது, கொஞ்சம் பாத்துக் குடுங்க டீச்சர் என்றாள். நான் பார்த்துக் கொடுத்தேன். நான் செய்த காரியம் அதுதான்.

நாலு பக்கத்தை ஒரு பக்கமாக்கினேன். மூணாம் வார்டு துண்டு, நீலக் கரை போட்டது, ஒரு முனை கிழிந்தது, அதை ரெண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார், முடிச்சு இறுகவில்லையென்று பல்லால் கடித்து இழுத்தார் என்றெல்லாம் எழுதியிருந்தாள். துண்டின் கரை என்ன நிறமாக இருந்தால் விசாரணைக்கு என்ன என்று அடித்தேன். பல்லால் கடித்தது மரியாதையாக இல்லையென்று அடித்தேன். ஆளைக் குறை சொல்கிற மாதிரி இருக்கக் கூடாது, நடந்ததைச் சொன்னால் போதும் என்று மேஸ்திரியையும் எடுத்துவிட்டேன். 'பாதுகாப்புத் தடுப்பு துணியால் பிணைக்கப்பட்டு இயங்காத நிலையில் இருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழ்தான், ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவளும் முத்து முத்தாகப் படியெடுத்தாள்.

என் கூடை வழக்கம் உனக்குத் தெரியுமே. திருத்திய படி எழுதி முடித்ததும் முதல் படியை அவரவர் கையாலேயே கிழித்து வாசலில் இருக்கிற கூடையில் போட வேண்டும். தப்பு வீட்டுக்குப் போகக் கூடாது என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேன். அன்றைக்கு அவள் கிழிக்கத் தயங்கினாள். நான் கூடையைக் காலால் தள்ளி அவள் பக்கம் நகர்த்தினேன். கிழித்துப் போட்டாள்.

விசாரணையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் படித்துவிட்டு, இது நீ எழுதினதா என்று கேட்டாராம். ஆமாங்க என்றாளாம். பிணைக்கப்பட்டு என்று போட்டிருக்கிறாயே, யார் பிணைத்தது, எந்தத் துணி என்று கேட்டாராம். எழுதிக் கொடுத்ததில் இல்லாததைச் சொன்னால் பொய் என்று ஆகிவிடுமோ என்று இவளுக்குப் பயம். அதுல இருக்கறதுதாங்க, அதுல இருக்கறதுதாங்க என்றே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். யாரோ சொல்லிக் கொடுத்த சாட்சி என்று குறித்துக்கொண்டார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். அந்த அம்மாள் மட்டும் மனசு இறங்கி, இருபத்தெட்டாம் தேதி மறுபடி வா, எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்து உன் வார்த்தையில் எழுது என்றிருக்கிறார்.

இவள் போக மாட்டேன் என்கிறாள். நேற்று எதிரில் உட்கார வைத்து, நடந்ததை எழுது, நான் பேனாவையே தொட மாட்டேன் என்றேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். 'மேற்படி' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தாள், அவ்வளவுதான். எனக்கு எழுத வராது டீச்சர், வந்ததெல்லாம் உங்களோடது, நீங்களே எழுதிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிட்டுப் போறேன் என்கிறாள். முப்பத்தொரு வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த நாலு பக்கம் கிடைக்காதா என்று குப்பைக் கொட்டகை வரைக்கும் போய்ப் பார்த்தேன். தொட்டிக்குள் தலையை விட்டு நிற்கிறேன், காவலாளி வந்து, என்னம்மா வளையல் விழுந்துடுச்சா என்கிறான். அதெல்லாம் எப்போதோ லாரியில் ஏறிப் போயாச்சு.

ஆகையால் கேட்கிறேன். நீ கிளம்பும்போது இரண்டு அட்டைப்பெட்டி நிறைய அவர்கள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனாயே, குப்பையைக்கூடவா கப்பலேற்றுவாள் ஒருத்தி என்று நான் கேலி செய்தேனே, அதில் அவள் முதல் வருஷ நோட்டு இருக்குமா? இருந்தால் விரைவுத் தபாலில் அனுப்பு, இருபத்தெட்டுக்குள் வந்தாக வேண்டும். இப்படியெல்லாம் எழுதினவள்தானடி நீ என்று அவளிடம் காட்ட என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. நோட்டை மட்டும் அனுப்பிவிடு. அந்த விரல் போன பெண்ணுக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சிவப்பு மை


முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை

என் அன்புத் தோழிக்கு,

பார்சல் இருபத்தைந்தாம் தேதி வந்து சேர்ந்தது. ஆறு நோட்டு, அது போக கிழிந்த காகிதங்களைப் பசை போட்டு ஒட்டிய ஒரு கட்டு. அடிப்பாவி, என் கூடையிலிருந்தும் பொறுக்கியிருக்கிறாய்! கடிதம் ஏதாவது இருக்குமென்று ஒவ்வொரு நோட்டாக உதறிப் பார்த்தேன். உறையையும் கிழித்து விரித்துப் பார்த்தேன். இல்லை. சரி, நியாயம்தான்.

அவளிடம் கொடுப்பதற்கு முன் நானே ஒரு தடவை படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் பக்கத்திலேயே என் கை பேனாவைத் தேடியது. வரிக்கு நாலு தப்பு. நீ ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலால் கேள்வி கேட்டிருக்கிறாய். யார் சொன்னது? அன்றைக்கு மழையா? நீ பயந்தாயா? ஒரு இடத்தில், எனக்கு இங்கே சிரிப்பு வந்தது என்று மட்டும் இருக்கிறது. நீ கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் அடுத்த பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறாள். இரண்டு பேரும் வருஷம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இவள் வகுப்பில் பாடமே நடப்பதில்லை என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பஸ் நின்றுபோய் நனைந்துகொண்டே நடந்ததும், வீட்டுக்குப் போனால் புருஷன் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றதும், இவ்வளவு நேரம் குடையோடு நின்றவர் எதிரே வந்திருக்கக் கூடாதா என்று இவள் திட்டியதும் ஒரு நோட்டில் இருக்கிறதே, அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தாள். இது நானா எழுதினேன் என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கீழே கிடந்த ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தால் கை நின்றுவிடும் என்று தோன்றியது. வெளியே போய் அந்த ஆடுகிற படியில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது, எழுந்திருக்கும்போது முழங்கால் மடங்கவும் இல்லை நிமிரவும் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி அவள் தனியாகத்தான் உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில், விரல் போன பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். அவள் இடது கையால் டீ டம்ளரைப் பிடித்துக் குடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள், பாதி புடவையில் சிந்தியது. துடைக்கட்டுமா என்றால் வேண்டாம் டீச்சர், நானே பண்ணிப் பழகணும் என்றாள். உள்ளே நம் 'அப்புறம்' இரண்டு மணி நேரம் எழுதினாள். ஐந்து பக்கம். அந்த அம்மாள் படித்துக்கொண்டே வந்து நீலக் கரைத் துண்டில் நின்றுவிட்டாராம். எல்லாரும் எழுந்து சலவைக்கூடத்துக்கு வாங்க என்று அழைத்துக்கொண்டு போய், கம்பியின் மூட்டில் குனிந்து பார்த்திருக்கிறார். இரண்டு நீல நூல் இன்னும் சிக்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்த மேஸ்திரிக்கு அதைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

கவனக்குறைவு என்பதை நீக்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பார்களாம், வைத்தியமும் அவர்களே பார்ப்பார்கள். மேஸ்திரியை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. நேற்று அந்தப் பெண் உத்தரவின் நகலைக் காட்டினாள். அதில் ஏழு பிழை. எண்ணினேன், என்ன செய்வது, பழக்கம்.

நீ ஜெயித்துவிட்டதாக அங்கே உட்கார்ந்து சிரிக்காதே. அவள் எழுதியதில் அரைப் பக்கம் எனக்குப் புரியவே இல்லை, பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுத்தான் படித்தேன் என்று அந்த அம்மாளே என்னிடம் சொன்னார். கேட்க மனசில்லாதவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால்? பால் வண்டி டிரைவருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லையே. பஸ்ஸில் திரும்பும்போது நம் 'அப்புற'மே கேட்டாள், சரியா எழுதவும் சொல்லிக் குடுங்க டீச்சர், ஆனா என்னோடத தூக்கிப் போடாதீங்க என்று. இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு பாதி தெரியும், உனக்கு ஒரு பாதி தெரியும். கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டுக்காரர் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதம். மேலே எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போட எழுதியது.

நான் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேனே, அந்தக் கருத்து. அதை உனக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள், வரிக்கு வரி நினைவிருக்கும். அதற்கும் ஒரு முதல் படி இருந்தது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் கொடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மூன்று வரி அதிகமாகிவிட்டது. எதை எடுக்கலாம் என்று பார்த்தேன். விஷயத்துக்கு அவசியமில்லாதது என்று மூன்று வரியை அடித்தேன். படியெடுத்துவிட்டு, முதல் படியை என் கூடையிலேயே கிழித்துப் போட்டேன். பார்சல் வந்த அன்று நீ ஒட்டி வைத்த காகிதங்களுக்குள் அதைத்தான் முதலில் தேடினேன். அது இல்லை. அன்றைக்கு நீ லீவு, பேத்தி பிறக்கப்போகிறாள் என்று டிக்கெட் எடுக்கப் போயிருந்தாய்.

அந்த மூன்று வரி இதுதான். 'முறையில்தான் எங்களுக்குள் வேறுபாடு. இந்த நிலையத்தில் என்னைவிட நல்ல ஆசிரியை அவள்தான். அவள் வகுப்பைக் குறைத்தால் நானும் இங்கே இருக்க மாட்டேன்.' எழுதியது நான்தான். பிறகு இருந்துகொண்டும் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் படியெடுக்கவில்லை. அடித்தது, மேலே ஏற்றி எழுதியது, டீ சிந்தியது எல்லாம் அப்படியே வருகிறது. ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன், பார். நீ பதில் எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. இதே காகிதத்தில் எங்காவது ஒரு இடத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி போட்டு எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. என்ன கேட்டாலும் அடுத்த பக்கத்தில் பதில் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு படி இறங்காதே.

உன்,
பக்கத்து அறைக்காரி